கால் உருவுகிறவள்

மாமல்லபுரத்தில் கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். விருந்தாளிகள் காலி செய்துவிட்டுப் போன அறைக்குள் முதலில் நுழைவது என் மூக்கு, பிறகுதான் நான். படுக்கை விரிப்பில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. தலையணை உறையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதை இரண்டு விரலால் தூக்கிப் போடும்போதே உடம்பு கூசும். "ஷாரோனுக்குத் தொட்டதெல்லாம் அருவருப்பு" என்று என் மாமியார் மேரி தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். உண்மைதான். எனக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த அருவருப்புக்காகத்தான்.

அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இவள் எப்போதுமே இப்படித்தான் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு அடித்த வாடையையும் என் கையில் ஒட்டிய பிசுக்கையும் தவிர வேறு எதையும் நான் சேர்த்துச் சொல்லவில்லை.

என் கணவர் ஜெபக்குமார் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். போன நவம்பர் மழையில் வேளாங்கண்ணி, கன்னியாகுமரி, கொடைக்கானல் என்று சீட்டை விட்டு எழுந்திருக்காமல் ஓட்டிவிட்டு வந்து இறங்கினார். இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. சுளுக்கு என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நல்லெண்ணெயைச் சுடவைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை காலையிலும் மாலையிலும் உருவி விட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் காலுக்கு எது வந்தாலும் இதுதான் முதல் வைத்தியம். அந்த நாட்களில் நான் ரிசார்ட்டிலேயே தங்கி வேலை பார்த்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. வீக்கம் தொடைவரை ஏறி, தோல் நீலம் பாரித்துப் பளபளவென்று ஆனபிறகுதான் என்னிடம் காட்டினார்கள்.

ரத்தக் குழாய்க்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரி ஒன்று செங்கல்பட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. யாரோ பெரிய மனிதர் வாழ்ந்த பழைய பங்களாவுக்கு முன்னால் கண்ணாடி வைத்துக் கட்டி, பின்பக்கத்தை அப்படியே விட்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. உள்ளே கால் வைத்ததும் ஃபினாயில் வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. காறிப்போன நல்லெண்ணெய். மாமியார் புடவையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

டாக்டர் ஹம்சினி எங்களைவிட வயதில் சின்னவர். மதுராந்தகத்துப் பெண். என் கணவரின் தொடையில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினார்.

"இங்க பாருங்க. நல்ல ரத்தக் குழாய்னா நான் அமுக்கும்போது தட்டையாப் போயிடணும். இது போகல. உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியா அடைச்சிருக்கு."

திரையில் சாம்பல் நிறத்தில் நீளமாக ஒன்று தெரிந்தது. அதன் மேல் நுனி மட்டும் எதிலும் ஒட்டாமல், வாய்க்கால் தண்ணீரில் பாசி ஆடுவதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. என் புருஷன் உடம்புக்குள் அப்படி ஒன்று ஆடுவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"காலை யாராவது தேய்ச்சீங்களா?"

மாமியார் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இனிமே தொடக்கூடாதும்மா. புடிச்சு விடறது, உருவறது, எண்ணெய் எதுவுமே கூடாது. அந்த நுனி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போச்சுன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்குக் காலையில சென்னையிலேர்ந்து ஒரு டாக்டர் வரார். ரெண்டு பேருமாச் சேர்ந்து குழாய் விட்டு எடுத்துடுவோம். அதுவரைக்கும் இந்தக் கால் அசையாம இருந்தா போதும்."

மாடியில் நான்கு கட்டில் போட்ட வார்டு. மற்ற மூன்றும் காலி. சிஸ்டர் ரூத் அவரைச் சுவர் ஓரக் கட்டிலில் படுக்கவைத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, ரத்தம் மேலும் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டாள். வலிக்கு ஏதோ மருந்தும் கொடுத்ததில் அவர் அரைத் தூக்கத்துக்குப் போய்விட்டார்.

மாமியார் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மகன் காலுக்கு மேலே கையை விரித்து வைத்திருக்கிறார்.

"கையை எடுங்க அத்த."

"தொடலடி. மேல காட்டிகினு கீறேன், அவ்ளோதான்."

"மேலயும் வோணாம், கீழயும் வோணாம். எடுங்க."

எடுத்தார். நான் மருந்து வாங்கக் கீழே போய்விட்டு வந்தேன். கதவைத் திறக்கும்போதே காறல் வாடை மூக்கில் அடித்தது. கெண்டைக்காலுக்குக் கீழே விரிப்பில் மஞ்சளாக எண்ணெய் படர்ந்திருந்தது. அதில் ஒரு நீளமான நரைமுடி ஒட்டிக்கிடந்தது. மாமியாரின் கை மறுபடியும் காலுக்கு மேலே இருந்தது. அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினேன். விரல் முட்டிகளிலிருந்து எண்ணெய் சொட்டியது.

எனக்குக் கோபத்தில் கண் இருட்டிவிட்டது.

"டாக்டர் சொல்லியும் தடவறீங்களா? பெத்த புள்ளைய நீங்களே கொன்னுடுவீங்களா?"

"நான் இல்ல ஷாரோனு. ஏசப்பா மேல ஆணை, நான் இல்ல. நான் இங்க குந்திகினு கீறதாலதான் அது..."

"எது?"

மாமியார் கால்மாட்டைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் விரலிடுக்கில் இருந்த பிசுக்கைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்த கொழுந்தன் ஜோஷ்வாவிடம், முதலில் உங்கள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று கத்தினேன். மாமியார் அழுதுகொண்டே எழுந்தார். வாசலில் நின்று என் காதருகே குசுகுசுவென்று சொன்னார்.

"என்னை இன்னா வோணா சொல்லு. கால்மாட்ட வுட்டு மட்டும் எழுந்திருக்காத. அங்கயே குந்திகினு இரு."

நான் உட்காரவில்லை. அந்த அழுக்கு விரிப்பின் பக்கத்தில் எப்படி உட்காருவது? அதை அப்படியே விட்டுவிட்டு, மாற்று விரிப்பு வாங்க நர்ஸ் அறைக்குப் போனேன்.

மதியச் சாப்பாடு முடிந்து ஆஸ்பத்திரியே கண் அசந்திருந்த நேரம். மழையில் ஜன்னல்கள் கறுத்துக் கிடந்தன. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஒன்றிரண்டு விளக்கு மட்டும் எரிந்தது. ரூத் சிஸ்டர் விரிப்பை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா பக்கத்துல கீறாங்க இல்லக்கா?"

"அனுப்பிட்டேன். எண்ணெய் தடவறாங்க."

ரூத் என்னைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டே பேசினாள்.

"ஏன்க்கா அனுப்பினீங்க. அவங்க குந்திகினு இருந்தாங்கன்னுதான் நான் நிம்மதியா இருந்தேன். இங்க ஒரு அம்மா பையனுக்கு இப்படித்தான் ராத்திரியெல்லாம் கால உருவி வுட்டாங்க. சொல்லிப் பார்த்தோம், கேக்கல. புள்ளைக்கு வலிக்குதேன்னு உருவிகினே இருந்தாங்க. பையன் உசுரு அவங்க கையிலயே பூட்டுச்சு. அந்த அம்மாவும் ரொம்ப நாள் இல்ல."

"அதுக்கு இன்னா இப்ப?"

"கட்டில மாத்திப் பார்த்தோம். ரூம மாத்திப் பார்த்தோம். கால் வீங்கினவங்க எங்க படுத்தாலும் வருது. டாக்டரம்மாகிட்ட சொன்னா திட்டறாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமியார் கையைத் தூக்கிப் பார்த்தேனே. எண்ணெய் இருந்தது புறங்கையில். விரல் முட்டியில், மணிக்கட்டின் மேல்பக்கத்தில். உள்ளங்கை காய்ந்து கிடந்தது. எண்ணெய் தேய்க்கிறவளுக்கு உள்ளங்கையில் அல்லவா எண்ணெய் இருக்கும்? ஒரு விரிப்பைப் பார்த்தாலே அதில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிற எனக்கு அது தெரியவில்லை. மாமியார் தன் கையைப் போர்வையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். வேறு எதுவோ அந்தக் கையின்மேல் உருவிக்கொண்டிருந்திருக்கிறது.

கையிலிருந்த விரிப்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

என் கணவர் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வலியில் முனகிக்கொண்டிருந்த மனிதர், குழந்தைக்குத் தலையைத் தடவிக் கொடுத்தால் சிரிக்குமே, அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார். வார்டில் யாரும் இல்லை. காறல் வாடை வாய்க்குள் இறங்கி நாக்கில் ஒட்டியது.

நான் காலைப் பார்த்தேன்.

கணுக்காலுக்கு மேலே, வீங்கிய தோலில், விரல் வைத்து அழுத்தினாற்போல ஒரு பள்ளம் விழுந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

நீர் கோத்த கால் என்பதால் விழுந்த பள்ளம் திரும்ப எழவில்லை. வரிசையாக விரல் குழிகள். அவை மேல்நோக்கி நகர்ந்தன. தோல் அலையலையாகச் சுருங்கி முழங்கால்வரை ஏறியது. நின்றது. மறுபடி கணுக்காலிலிருந்து தொடங்கியது. பள்ளங்களில் எண்ணெய் ஊறி நின்றது. யாரும் ஊற்றவில்லை. தோலுக்கு உள்ளேயிருந்தே வந்தது.

இந்தத் தடவை முழங்காலைத் தாண்டியது.

தொடையில் ஆடிக்கொண்டிருந்த அந்த நுனி என் கண்முன் வந்தது. பாய்ந்து போய் அவர் காலின்மேல் என் இரண்டு கையையும் வைத்தேன்.

என் கைக்குக் கீழே இன்னொரு கை இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் சூடாக இருந்தது. எண்ணெயில் ஊறி ஊறித் தோல் எலும்பின்மேல் நிற்காமல் வழுக்கியது. நான் பிடித்து இழுத்ததும் தோல் மட்டும் என் விரலோடு வந்தது, கை வரவில்லை. ஒரு நகம் தளர்ந்து என் உள்ளங்கையில் ஆடியது. எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன். வாந்தி எடுத்துக்கொண்டே பிடித்திருந்தேன். அந்தக் கை என்னோடு சண்டை போடவில்லை. நான் அங்கே இருப்பதையே அது கண்டுகொள்ளவில்லை. என் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு மறுபடி கணுக்காலுக்குப் போனது.

"சிஸ்டர்!"

ரூத் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வர அவளுக்குக் கால் எழவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

பள்ளங்கள் முழங்காலைத் தாண்டித் தொடையின் பாதிவரை வந்தன. அடுத்த தடவை இன்னும் மேலே வரும். ஜெபம் செய்யலாம் என்று வாயைத் திறந்தால் ஒரு வசனம்கூட நினைவுக்கு வரவில்லை. மாமியார் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில்மேல் ஏறினேன். அந்த எண்ணெயில், அந்த முடியில், புடவையோடு உட்கார்ந்தேன். புடவையை முழங்கால்வரை தூக்கி, என் காலை அவர் காலின்மேல் படாமல் குறுக்கே நீட்டினேன்.

"அம்மா," என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. "அவருக்குத் தூக்கம் வந்துடுச்சும்மா. எனக்குத்தான் கால் வலிக்குது. இதப் புடிச்சு வுடு."

அது நின்றது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் யாரோ சளி இழுத்து மூச்சு விடுகிற சத்தமும் கேட்டது. ரூத் வாசலில் இருந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு என் கணுக்காலைச் சுற்றிச் சூடான விரல்கள் படிந்தன.

அதற்குமேல் விவரமாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை. மறுநாள் காலையில் தள்ளுவண்டியில் அவரை ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகும்வரை நான் நீட்டிய காலை எடுக்கவில்லை. பாவம், பெற்றவள், பிள்ளையைத் தேடி அலைகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை. குமட்டல்தான் வந்தது. அந்தப் பையனின் மூச்சு நின்றபிறகும் இவள் இப்படித்தான் உருவிக்கொண்டிருந்திருப்பாள் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் இன்னொரு முறை வாந்தி எடுத்தேன்.

காலில் இருந்த அடைப்பை நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். டாக்டர் ஹம்சினி ஒரு தட்டில் பஞ்சுத் துணிமேல் அதைக் கொண்டுவந்து காட்டினார். கறுப்பும் சிவப்புமாக, ஈரல் துண்டு போல நீளநீளமாகக் கிடந்தது.

"இவ்வளவு பெருசு பிச்சுக்காம இருந்ததே அதிர்ஷ்டம்தான். கொஞ்சம் ஓரத்துல ஒட்டியிருக்கு, மாத்திரையில கரையணும். அதுவரைக்கும் கால் ஜாக்கிரதை." பேசிக்கொண்டே இடுக்கியால் அதைக் கிளறினார். நீளமாக ஒரு நரைமுடி அதற்குள்ளிருந்து வந்தது. இழுக்க இழுக்க வந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "துணி நூலா இருக்கும்" என்று சொல்லித் தட்டை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் லேசில் வராது. அன்றைக்கு வந்தது.

"வுடுடி," என்றார் அவர். "தேச்சது நான்தானே. நான் தேக்காம இருந்திருந்தா அங்க போற வேலையே இல்ல. அதான் அங்கேர்ந்து கெளம்பறப்பவும் கால் எழல."

அன்று மதியம் என் கணவர் கூடத்தில் கண் அயர்ந்தபோது வீட்டுக்குள் காறல் வாடை வந்தது. நானும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் பின்னறையில் பாயை விரித்துக் காலை நீட்டினேன். என் லீவு முடிந்தபிறகு, நான் வேலைக்குப் போகும் நாட்களில் மாமியார் நீட்டினார். நாங்கள் கூடி முடிவு செய்யவில்லை. தண்ணீர் பிடிக்கிற வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிற மாதிரி அது தானாக அமைந்துவிட்டது. கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் மத்தியானம் நல்ல தூக்கம் வருகிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். நான் தினமும் பாயைக் கழுவினேன். காலைச் சீயக்காய் போட்டு, சோப்புப் போட்டு, கல்லால் தேய்த்துக் கழுவினேன். தோல் உரிந்ததே தவிர வாடை போகவில்லை.

போன ஞாயிறு கோயில் முடிந்து, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு கணவர் கூடத்தில் படுத்தார். ஊரில் சிற்பக் கூடங்களுக்கு லீவு. கல் அறுக்கிற மெஷின் சத்தம் இல்லாமல் தெருவே அமைதியாக இருந்தது. என் முறை. பின்னறைக்குப் போனால் மாமியார் எனக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார்.

"வாரம் பூரா ஓட்டல்ல நின்னுகினு கீற பொண்ணு. நீ போய்த் தூங்கு. இன்னிக்கி நான் பாத்துக்கறேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவர் பக்கத்தில் ஒரே பாயில் உட்கார்ந்ததில்லை. அவர் தலை எண்ணெய் எனக்கு ஆகாது.

"தள்ளிக் குந்துங்க அத்த," என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் காலையும் நீட்டினேன். அவர் சிரித்தார். அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். இரண்டு கால் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அத்தனை நாளில் முதல் தடவையாகப் பயம் இல்லாமல் இருந்தது.

வாடை வந்தது. என் கணுக்காலை இரண்டு கை சுற்றிக்கொண்டது. கட்டைவிரல்கள் எலும்பின் இருபுறமும் அழுந்தி, மேலே ஏறத் தொடங்கின.

"என்கிட்டதான் கீது அத்த," என்றேன் மெதுவாக. "நீங்க கண்ண மூடுங்க."

மாமியார் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் காலிலும் பள்ளம் விழுந்துகொண்டிருந்தது.

அவர் கணுக்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. என் காலில் இருந்த இரண்டும் விலகவில்லை. அவை பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. மாமியார் என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. எழுந்திருக்கலாம் என்றால், எழுந்தால் எது எங்கே போகும் என்று இருவருக்கும் தெரியவில்லை.

கூடத்திலிருந்து என் கணவர் குரல் வந்தது. தூக்கக் கலக்கத்தில், சுகமாக.

"அம்மா, இன்னும் கொஞ்சம் மேல புடிம்மா."